ஒன்றாம் எண்ணுக்கு மூன்று கிராம் குறைவு

எடை அளவை ஆய்வாளரின் நாற்காலிக்குப் பின்னால், அரசாணைகளுக்கும் நாள்காட்டிக்கும் நடுவே, ஆண்டுக்கு ஒரு மாதம் ஒரு திரைப்படச் சுவரொட்டி தொங்கும். அந்தப் படம் எந்தக் கொட்டகையிலும் ஓடியதில்லை, ஓடப் போவதுமில்லை. சுவரொட்டியை வரைந்தவள் ஆய்வாளரே என்பதால், அதில் குதிரை நாய்போலவும், கதாநாயகன் குதிரைபோலவும் இருப்பார்கள். தராசுக்கு முத்திரை வைத்துக்கொள்ள வரும் கடைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்பார்கள்.

"மேடம், இந்தப் படம் எப்ப ரிலீஸ்?"

"முத்திரைக் கட்டணம் கட்டிட்டீங்களா?" என்பாள் அவள். அதற்குமேல் எவரும் கேட்டதில்லை.

அவளை நண்பர்கள் தராசு என்றே அழைத்தார்கள். அவளையும் சேர்த்து நால்வர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் பல் மருத்துவரின் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் முன்னறையில் கூடுவார்கள். மருத்துவர் அவளைவிட நான்கு வயது இளையவர். எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்கும் பழக்கமுள்ளவர். மூன்றாமவர், கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர். எந்த மனிதரைப் பார்த்தாலும் முதலில் அவருடைய தோளளவைத்தான் பார்ப்பார். நான்காமவள் தராசின் நாத்தனார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிறர் தவறு செய்வதற்கு அரை நொடி முன்பே அவள் கால் தானாக பிரேக்கைத் தேடும். நாத்தனாரின் அண்ணன், அதாவது தராசின் கணவர், இந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அவருக்கு எந்த நடிகர்மீதும் பற்றில்லை.

ஆட்டத்துக்கு ஆள்பிடி என்று பெயர். ஆண்டுதோறும் ஒரு கதையை முடிவு செய்வார்கள். அந்தக் கதையில் வரும் வேடங்களுக்கு ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி நடிகர்களைப் பிடிக்க வேண்டும். ஒருவர் பிடித்த நடிகரை இன்னொருவர் தொட முடியாது; யார் முதலில் பிடிப்பது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். கடைசியில் எவருடைய படத்துக்கு ஆள்சேர்க்கை சிறந்தது என்று வாக்கெடுப்பு நடக்கும். கடைசி இடத்துக்கு வந்து தோற்றவர், வென்றவரின் படத்துக்குத் தம் கையாலேயே சுவரொட்டி வரைந்து, தாம் வேலை பார்க்கும் இடத்தில் முப்பது நாள் மாட்டி வைக்க வேண்டும்.

ஆறு ஆண்டுகளாக வென்றவர் மருத்துவர். ஆறு ஆண்டுகளாகச் சுவரொட்டி மாட்டியவள் தராசு.

சென்ற ஆண்டு வாக்கெடுப்பில்தான் விவகாரம் வெடித்தது. மருத்துவர் தம் நோயாளிகள் பதினொரு பேரிடம் வாக்குக் கேட்டிருந்தார். பதினொரு பேரும் அவருடைய படத்துக்கே தலையாட்டினார்கள். பதினொரு பேருடைய வாயிலும் அப்போது பஞ்சும் குழாயும் இருந்தன என்பது பிறகுதான் தெரிய வந்தது.

"கையில துளை போடற மெஷினை வெச்சுக்கிட்டுக் கேட்டா, நான்கூட உங்களுக்கு வீட்டையே எழுதிக் குடுத்துட்டுப் போவேன்" என்றாள் நாத்தனார்.

"யாரையும் வற்புறுத்தலையே. அவங்களா தலையாட்டினாங்க."

"வலியில ஆட்டியிருப்பாங்க, டாக்டர்."

அதற்கு முந்திய ஆண்டு, தையல்காரர் ஒரே நடிகரை அண்ணன் தம்பி என்று இரட்டை வேடத்தில் போட்டு, ஒரே ஒரு முறை பிடித்து இரண்டு வேடங்களை நிரப்பிக்கொண்டார். "ஒரே அளவு, ரெண்டு சட்டை, துணி மிச்சம்" என்பது அவர் தரப்பு வாதம். இப்படியே போனால் ஆட்டமும் நிலைக்காது, நட்பும் நிலைக்காது என்ற நிலை வந்ததும், நியாயமான விதிகளை எழுதும் பொறுப்பை மூவரும் ஒரே குரலில் தராசிடம் ஒப்படைத்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் எந்தக் கடைக்காரரிடமும் ஒரு கோப்பைத் தேநீர்கூட வாங்கிக் குடிக்காதவள் அவள். எடைக்கல்லைக் கையில் ஏந்தியதுமே குறைவா நிறைவா என்று சொல்லிவிடுவாள். பிறகு கருவியில் வைத்துப் பார்ப்பதெல்லாம் சட்டத்துக்காகத்தான். அவளைவிட நடுநிலையானவர் எங்கே கிடைப்பார்?

கிடைத்திருக்க மாட்டார்தான். ஆனால் அந்த ஆண்டு நிலைமை வேறு. அடுத்த மாதம் மேலதிகாரி அலுவலகத்தைப் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்திருந்தது. சிரிப்பது விடுப்பு விதிகளுக்கு முரணானது என்று எண்ணுபவர் அவர். ஏழாவது சுவரொட்டி அவர் கண்ணில் படும் காட்சியைத் தராசு நினைத்துப் பார்த்தாள். தோற்கக் கூடாது, இந்த ஒரு முறை மட்டுமாவது தோற்கவே கூடாது.

தோற்காமலிருக்க ஒரே வழி, புருவக்காரியைப் பிடிப்பது. ஒற்றைப் புருவத்தை உயர்த்தியே இரண்டு பக்க வசனத்தைச் சொல்லிவிடும் நடிகை அவள். அந்த ஆண்டின் கதையில் ஓர் அரசி, ஒரு மந்திரி, ஒரு கள்ளன், ஓர் அரண்மனைச் சமையற்காரி என நான்கு வேடங்கள். அரசி வேடத்துக்குப் புருவக்காரியை விட்டால் ஆளில்லை என்பது நால்வருக்கும் தெரியும். ஆகவே குலுக்கலில் ஒன்றாம் எண் எவருக்குக் கிடைக்கிறதோ அவருக்கே புருவக்காரி.

விதிக் கூட்டம் கூடியது. தராசு கோடு போட்ட குறிப்பேட்டைத் திறந்தாள். ஓரத்தில் சிவப்புக் கோடு, ஒவ்வொரு விதிக்கும் எண், எண்ணுக்குப் பின் புள்ளி.

"முதல் விதி. ஒரு நடிகர் ஒருவருக்கே. இரண்டாவது, இரட்டை வேடம் போட்டால் இரண்டு முறை பிடித்ததாகக் கணக்கு."

தையல்காரர் பெருமூச்சு விட்டார். "எனக்காகவே எழுதின மாதிரி இருக்கு, தங்கச்சி."

"உங்களுக்காகத்தான் எழுதினேன், அண்ணே."

"செத்துப்போனவங்களைப் பிடிக்கலாமா?" என்று கேட்டார் மருத்துவர்.

"பிடிக்கலாம்னு வைங்க, அண்ணி" என்றாள் நாத்தனார். "அவங்கதான் சொன்ன நேரத்துக்கு ஷூட்டிங் வருவாங்க."

"அளவெடுக்க முடியாதே" என்றார் தையல்காரர் கவலையோடு.

அரை மணி நேர வாதத்துக்குப் பின், மறைந்த நடிகர்களில் படத்துக்கு ஒருவர் என்று முடிவாயிற்று. நான்காவது விதி, முதல் சுற்றில் ஒன்றிலிருந்து நான்கு வரை போகும் வரிசை, அடுத்த சுற்றில் வந்த வழியே நான்கிலிருந்து ஒன்றுக்குத் திரும்பும் என்றது. ஐந்தாவது, வாக்களிப்போர் இந்தக் கட்டடத்துக்குத் தொடர்பில்லாத ஏழு பேராக இருக்க வேண்டும் என்றது. அதன் கீழ் ஓர் உட்பிரிவு: வாக்களிக்கும் வேளையில் வாக்காளரின் வாய் காலியாக இருத்தல் வேண்டும்.

"இது என்னைக் குத்துற மாதிரி இருக்கே" என்றார் மருத்துவர்.

"ஊசி போடறவருக்கு இது என்ன பெரிய குத்தல்?" என்றாள் நாத்தனார்.

"ஆறாவது விதி" என்ற தராசின் குரலில் எந்த மாற்றமும் இல்லை. "எண்ணிட்ட நான்கு எடைக்கற்களைத் துணிப்பையில் போட்டுக் குலுக்க வேண்டும். விதி எழுதியவர் முதலில் எடுப்பார்."

"ஏன்?"

"சோதனைக்குப் போனா, என்னோட கல்லைத்தான் முதல்ல தட்டுல வைப்பேன். ஏதாவது தப்பு இருந்தா அது என்கிட்டதான் முதல்ல தெரியணும். அதுதான் முறை."

இவ்வளவு அபத்தமான காரணத்தை இவ்வளவு கண்ணியமாக எவரும் சொல்லிக் கேட்டிராததால் மூவரும் தலையசைத்தார்கள். நாத்தனாரின் வலது கால் மட்டும் தரையை ஒருமுறை அழுத்தியது.

"சரி அண்ணி. அப்ப ஏழாவதா ஒண்ணு நான் சொல்றேன், எழுதிக்குங்க. குலுக்கல்ல தில்லுமுல்லு பண்றவங்க அந்த வருஷம் கடைசி. பேச்சே கிடையாது. நேரா சுவரொட்டிதான்."

தராசு அதையும் எழுதினாள். 'தில்லுமுல்லு' என்பதை அடித்துவிட்டு 'கள்ளம்' என்று எழுதினாள்.

எடைக்கற்கள் அவளுடைய சொந்தக் கற்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் காட்டுவதற்காக வாங்கியவை. ஒவ்வொன்றும் ஐம்பது கிராம். இரும்புக் கல்லின் அடியில் சிறு குழி இருக்கும்; அதில் ஈயம் நிரப்பி, அந்த ஈயத்தின்மீதுதான் முத்திரை குத்துவார்கள். நான்கு கற்களில் ஒன்றில் மட்டும் ஈயம் விழுந்துவிட்டது. எடை எப்படிக் குறைகிறது என்று விளக்குவதற்காக அதை அவள் அப்படியே வைத்திருந்தாள். மூன்று கிராம் குறைவு. வேறு எவருடைய கைக்கும் அது தெரியாது.

முந்தைய நாளே அவள் நான்கு கற்களின் அடியிலும் தடித்த அட்டை வட்டங்களை ஒட்டி, அவற்றின்மீது எண்களை எழுதியிருந்தாள். ஈயம் போன கல்லுக்கு ஒன்றாம் எண். குழி அட்டைக்குள் மறைந்தது.

"இந்தக் கல்லெல்லாம் அடுத்த ஞாயிறு வரைக்கும் டாக்டர்கிட்டயே இருக்கட்டும்" என்று பெருந்தன்மையோடு சொன்னாள். "நான் வெச்சிருந்தா நல்லா இருக்காது."

அடுத்த ஞாயிறு, தையல்காரர் தைத்துக்கொண்டுவந்த கறுப்புத் துணிப்பையில் மருத்துவர் கற்களைப் போட்டுக் குலுக்கினார். தராசு எழுந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தாள். சோதனைக்குப் போகும்போதெல்லாம் அப்படிச் செய்வது அவள் வழக்கம். பைக்குள் கையை விட்டாள். ஒரு கல்லை ஏந்தினாள். ஐம்பது. அடுத்ததை ஏந்தினாள். ஐம்பது. மூன்றாவது, ஐம்பது. ஆக, மிச்சமிருப்பதுதான் என்று நிம்மதியோடு நான்காவதை ஏந்தினாள்.

ஐம்பது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். நான்கும் உடன்பிறந்தவைபோல ஒரே எடையில் உள்ளங்கையில் உட்கார்ந்தன. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒருமுறைகூடப் பொய் சொல்லாத விரல்கள். இன்று, இத்தனை நாள்களில் இன்று, அவை அவளைக் கைவிட்டனவா?

"என்ன அண்ணி, உள்ள அடை காக்கறீங்களா?" என்றாள் நாத்தனார்.

"பை நல்லா தைச்சிருக்கார்" என்றாள் தராசு. கைக்கு வந்ததை எடுத்தாள். நான்கு.

அடுத்து நாத்தனார் எடுத்தாள், இரண்டு. பிறகு மருத்துவர் கையை விட்டார். எடுத்ததைப் பார்த்ததும், எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தார். ஒன்று. தையல்காரருக்கு மிஞ்சியது மூன்று.

"இங்க குடுங்க" என்றாள் தராசு.

மருத்துவரின் உள்ளங்கையிலிருந்து அந்தக் கல்லை எடுத்தாள். ஏந்தினாள். ஒன்றாம் எண்; அவள் கையெழுத்து; ஐம்பது கிராம். அப்போதுதான் அவள் வாழ்க்கையிலேயே முதன்முறையாக, யோசிக்காமல் பேசிவிட்டாள்.

"இது என் கல் இல்ல. இதை மாத்திட்டீங்க."

"மாத்தவே இல்ல, அக்கா" என்று பதறினார் மருத்துவர். "அடைச்சேன். அவ்வளவுதான்."

"என்ன அடைச்சீங்க?"

"மேசைமேல வெச்சுத் தட்டிட்டு இருந்தேன். மூணு ஒரு மாதிரி சத்தம் குடுத்துச்சு, இது மட்டும் பொத்தல் சத்தம். அட்டையைப் பிரிச்சுப் பார்த்தா, குழி. குழியைப் பார்த்தா என்னால சும்மா இருக்க முடியாதே. பழைய வெள்ளி அடைப்பு கொஞ்சம் மிச்சம் கெடந்துச்சு. சுத்தம் பண்ணி, அடைச்சு, பாலிஷ் போட்டு, அட்டையைத் திரும்ப ஒட்டிட்டேன்." சற்றே பெருமையோடு சேர்த்துக்கொண்டார்: "பவுடர் நிறுக்கற மெஷின்ல வெச்சு, சரியா அம்பது வர்ற வரைக்கும் விடலை. எடை கொறைஞ்ச கல்லை உங்க கையில குடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? ராத்திரி தூக்கமே வரலை, அக்கா."

அட்டை வட்டத்தைப் பிரித்துக் காட்டினார். குழியிருந்த இடத்தில் ஒரு கடைவாய்ப்பல்லின் அடைப்பு, பளபளவென்று, குறை சொல்ல முடியாத நேர்த்தியோடு அமர்ந்திருந்தது.

நாத்தனார் கல்லைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். பிறகு, அவசரமே இல்லாமல், ஆறாவது விதி எழுதப்பட்ட பக்கத்தைப் பார்த்தாள்.

"கையில வாங்கின உடனே, மாத்திட்டாங்கன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க, அண்ணி?"

தராசு வாயைத் திறக்கும் முன் தையல்காரர் குறுக்கே புகுந்தார். மனம் இளகியவர், எவருடைய மானமும் கிழிவதைப் பார்த்தால் உடனே ஒட்டுப்போட வருபவர்.

"விடும்மா. குழி இருந்ததைத் தங்கச்சி கவனிச்சிருக்காது. எத்தனை வருஷமா கல்லு தூக்கின கை அது. மரத்துப்போயிருக்கும். அதான் மாத்திட்டாங்கன்னு தப்பாத் தோணியிருக்கு. எனக்கே இப்பல்லாம் ஊசி கோக்க மூணு தடவை ஆகுது. அந்தக் காலத்து விரல் இருக்குமா?"

தப்பிக்கும் வழி அகலத் திறந்து கிடந்தது. தராசு 'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதுகூட வேண்டாம், தலையசைத்தால் போதும். அவளைக் கள்ளி என்று எவரும் சொல்ல மாட்டார்கள். சுவரொட்டியும் இன்னும் உறுதியில்லை. நான்காம் எண்ணுக்கும் ஆட்டத்தில் வாய்ப்பிருக்கிறது. மருத்துவர்கூட அனுதாபத்தோடு அவள் விரல்களைப் பார்த்தார்.

அந்த அனுதாபத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"கவனிக்கலையா?" என்றாள். "அண்ணே, மூணு கிராம் கொறைவு. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். தூக்கத்துல எழுப்பிக் குடுத்தாலும் சொல்லுவேன். தெரிஞ்சுதான் அதுக்கு ஒண்ணாம் நம்பர் போட்டேன். தெரிஞ்சுதான் முதல்ல கை விட்டேன். நாலும் அம்பதா இருந்ததால நாலும் அம்பதுன்னு என் விரல் சொல்லிச்சு. விரல் சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் அதை நம்பலை."

சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் வெட்கத்தைவிட வெற்றிக்களையே மிகுந்திருந்தது. பத்து நிமிடமாக அவளை அரித்துக்கொண்டிருந்த பயம் நீங்கிவிட்டது. விரல்கள் அவளைக் கைவிடவில்லை.

நாத்தனார் நாற்காலியில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "எங்கண்ணன்கிட்ட இதைச் சொன்னா நம்பவே மாட்டார். அண்ணி, உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, கல்யாணத்தப்பவே உங்ககூடச் சிநேகமாயிருப்பேன்."

"ஏழாவது விதி" என்று தராசு குறிப்பேட்டைப் புரட்டி, எழுந்து நின்று படித்தாள். "குலுக்கலில் கள்ளம் செய்தவர் அவ்வாண்டு கடைசி இடத்தவராகக் கருதப்படுவார். இதில் மேல்முறையீடு இல்லை." பேனாவை எடுத்து, தன் பெயருக்கு நேராக நாளும் நேரமும் குறித்துக் கையொப்பமிட்டாள். பிறகு ஐயம் வந்தது. "மேல்முறையீடு இல்லைன்னு நான்தானே சேர்த்தேன்?"

"நீங்கதான் சேர்த்தீங்க, அக்கா" என்றார் மருத்துவர் மகிழ்ச்சியோடு.

மறு குலுக்கல் மூவருக்குள் நடந்தது. நாத்தனாருக்குப் புருவக்காரி கிடைத்தாள். வாய் காலியாக இருந்த ஏழு பேரில் ஐவர் அவளுடைய படத்துக்கே வாக்களித்தார்கள். ஏழு ஆண்டுகளில் முதன்முறையாக மருத்துவர் வெல்லவில்லை. அதற்காகவேனும் விதிகள் நல்லவை என்று தராசு தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மேலதிகாரி வந்த காலையில் ஏழாவது சுவரொட்டி அதற்குரிய இடத்தில் தொங்கியது. அரசியின் புருவம் மட்டும் அவள் கைக்குப் பிடிபட்டிருந்தது. மற்றபடி மந்திரிக்கும் கள்ளனுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மேலதிகாரி பதிவேடுகளைப் பார்த்தார். முத்திரைகளைப் பார்த்தார். பேரேட்டில் ஒரு தவறும் இல்லாததால் முகத்தைச் சுளித்தார். பிறகு நிமிர்ந்தார்; கண் சுவரில் நின்றது.

"இது என்ன?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த ஆண்டுக்கு உரிய பொய் ஏற்கெனவே செலவாகிவிட்டது. நடந்ததைச் சொன்னாள், ஆட்டத்தை, விதிகளை, தோற்றவர் கடமையை. எதனால் தோற்றாள் என்பதை மட்டும் அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மேலதிகாரி எழுந்து சுவரொட்டிக்கு அருகே போய்ப் பார்த்தார்.

"சமையற்காரிக்கு இவங்களையா போட்டாங்க?"

"ஆமா சார்."

"இவங்க கரண்டி பிடிச்சு யாராவது பாத்திருக்காங்களா? ஒத்தே வராது."

"நானும் சொன்னேன் சார். கேக்கலை."

"ம்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த வருஷம் அஞ்சாவதா ஒரு ஆளைச் சேர்த்துக்க விதியில இடம் இருக்கா?"

தராசு குறிப்பேட்டைத் திறந்தாள். "எழுதிக்கலாம், சார்."

"வரிசை எப்படி முடிவு பண்றீங்க?"

"எடைக்கல் வெச்சுக் குலுக்கினோம், சார். அதை நிறுத்தியாச்சு. டாக்டர்கிட்ட அச்சு எடுக்கற மாவுல செஞ்ச பல் நிறைய இருக்கு. இனிமே அதுல நம்பர் போட்டுக் குலுக்கப் போறோம்."

மேலதிகாரியும் முப்பது ஆண்டுகளாக எடைக்கல் தூக்கியவர்தாம். யோசனையோடு வலது கையை விரித்து, பெருவிரலால் மற்ற விரல்களின் நுனியை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மாவுல செஞ்ச பல்லுன்னா" என்றார் மெதுவாக, "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடை இருக்குமே."

தராசு அவர் விரல்களைப் பார்த்தாள். அவர் அவளுடைய விரல்களைப் பார்த்தார்.

"இருக்கும் சார்" என்றாள் அவள். புதிய பக்கத்தில் ஓரக் கோடு போட்டு, எட்டு என்று எண்ணிட்டு, புள்ளி வைத்தாள்.